மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு பட்டம்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியிலோ ஃபவுண்டரியிலோ டிப்ளமோவோடு வேலைக்குச் சேர்ந்தவருக்கு நான்கைந்து வருடத்தில் ஒரு விஷயம் தெளிவாகிவிடும். தன்னிடம் வேலை கற்றுக்கொண்ட பி.இ. பட்டதாரி, தனக்கு முன்பே மேலே போய்விடுகிறார். டிராயிங் அத்துபடி, மெஷினின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடும் அளவுக்கு அனுபவம். ஆனாலும் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறப் பட்டம் கேட்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. தங்கை கல்யாணம், வீட்டுக் கடன், பையனின் பள்ளிக் கட்டணம் என்று ஏதாவது ஒன்று சம்பளத்தை எதிர்பார்த்து நிற்கும். மாலை நேர வகுப்பு என்ற யோசனை வருவது அப்போதுதான்.

யோசனை நல்லது. ஆனால் சேருவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாலையில் நடக்கும் வகுப்புகள் இரண்டு விதம். காலை வகுப்பு முடிந்து கட்டடம் காலியாக இருக்கிறது என்பதால் நடத்தப்படுபவை ஒரு விதம். பகலில் வேலை செய்கிறவரை மனதில் வைத்து, அவருடைய நேரத்துக்காகவே அமைக்கப்பட்டவை இன்னொரு விதம். விளம்பரத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். படிப்பு முடிவதும் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தே அமைகிறது.

சென்னையிலும் பிற நகரங்களிலும் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிப்ட் உண்டு. காலையில் அரசு உதவி பெறும் பிரிவு, பிற்பகலில் சுயநிதிப் பிரிவு. இந்த இரண்டாவது ஷிப்டைத்தான் பல இடங்களில் மாலைக் கல்லூரி என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணிக்குத் தொடங்கி, ஐந்தரை ஆறு மணிக்குள் முடிந்துவிடும். பிளஸ் டூ முடித்து நேரே வருகிற மாணவருக்கு இது சரிப்படும். காலையில் பேப்பர் போட்டுவிட்டு, கடையில் நின்றுவிட்டு, மதியம் படிக்க வருகிற பிள்ளைகளுக்கும் பெரிய உதவிதான். ஒன்பதிலிருந்து ஆறு வரை அலுவலகத்தில் இருப்பவருக்கு அதில் இடமில்லை. பிராஸ்பெக்டஸில் முதலில் பார்க்க வேண்டியது பாடத்திட்டத்தை அல்ல, மணியை.

வேலை செய்கிறவருக்காகவே அமைந்த படிப்புக்குத் தமிழ்நாட்டில் நல்ல உதாரணம் பகுதிநேர பி.இ. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, சேலம், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிகள் போன்றவற்றில் டிப்ளமோ படித்தவர்களுக்காக இது நடந்துவந்திருக்கிறது. வகுப்பு மாலை ஆறு மணியையொட்டித் தொடங்கி இரவு ஒன்பது ஒன்பதரை வரை போகும். டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் பகல்நேர மாணவருக்கு மூன்று ஆண்டு. பகுதிநேரத்தில் நெடுங்காலமாக ஏழு செமஸ்டர், அதாவது மூன்றரை ஆண்டு. வாரத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால் அந்தக் கூடுதல் அரை ஆண்டு.

2023-24 கல்வியாண்டில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பணியில் இருப்பவர்களுக்குத் தனி வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு வழி செய்தது. நேரத்தைக் கல்லூரியே வசதிப்படி அமைத்துக்கொள்ளலாம். சேருபவருக்குக் குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவம் வேண்டும். வேலை செய்யும் இடம் கல்லூரியிலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் வரம்பு வைத்தார்கள். தொடக்கத்தில் அது 50 கிலோமீட்டர். இதுபோன்ற வரம்புகள் மாறுபவை. போன வருடம் சேர்ந்த நண்பர் சொன்னதை நம்பிவிடாமல், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைப் படித்துவிட வேண்டும். தூர வரம்பைக் கெடுபிடி என்று நினைக்கத் தேவையில்லை. ஆறு மணிக்கு வகுப்பில் உட்கார முடியாத தூரத்தில் வேலை செய்பவர், பேருக்கு மட்டும் பட்டியலில் இருப்பதைத் தடுக்கத்தான் அது.

ஒன்பதரைக்கு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது பஸ் இருக்குமா என்பதும் இங்கே சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. பெண்கள் பலரைப் படிப்பிலிருந்து தள்ளி நிறுத்துவது கணக்குப் பாடமல்ல, கடைசி டவுன் பஸ். அவிநாசி சாலை போன்ற பெரிய சாலையில் இருக்கும் கல்லூரிக்கும், ஊருக்கு வெளியே ஒதுங்கியிருக்கும் கல்லூரிக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. ரேங்க் பட்டியலில் அது தெரியாது.

அடுத்தது ஷிப்ட். ஆலைகளில் வழக்கமான கணக்கு இது. முதல் ஷிப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு, செகண்ட் ஷிப்ட் இரண்டிலிருந்து இரவு பத்து, நைட் ஷிப்ட் பத்திலிருந்து காலை ஆறு. வாரத்துக்கு ஒன்றாகச் சுழலும். செகண்ட் ஷிப்ட் வரும் வாரம் முழுவதும் வகுப்பு போய்விடும். மூன்று வாரத்தில் ஒரு வாரம் போனால் மிஞ்சும் வருகைப்பதிவு 67 சதவீதம். தேர்வு எழுத அண்ணா பல்கலைக்கழகம் பொதுவாகக் கேட்பது 75 சதவீதம். ஒரு நாள்கூடச் சோம்பலால் மட்டம் போடாத மாணவர், ஷிப்ட் சுழற்சியாலேயே தேர்வு எழுத முடியாமல் போகலாம். நைட் ஷிப்ட் வாரத்தில் வகுப்புக்குப் போக முடியும். ஒன்பதரைக்கு வகுப்பு முடிந்து பத்துக்கு கேட்டில் பஞ்ச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இதை இரண்டு மாதம் தாங்கலாம். ஏழு செமஸ்டர் தாங்காது.

அதனால் விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே சூப்பர்வைசரிடமும் எச்.ஆரிடமும் பேசிவிடுவது நல்லது. ஜெனரல் ஷிப்ட் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் செகண்ட் ஷிப்டை வேறொருவரோடு மாற்றிக்கொள்ள விடுவார்களா, செமஸ்டர் தேர்வு பகலில் வந்தால் விடுப்பு உண்டா? வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. சூப்பர்வைசர் மாறிப்போனால் பழைய வாக்குறுதி புதியவரைக் கட்டுப்படுத்தாது. சில நிறுவனங்கள் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரும், பதிலுக்குப் பட்டம் வாங்கிய பின் இத்தனை ஆண்டு இங்கேயே இருக்க வேண்டும் என்று பாண்ட் எழுதி வாங்கும். படித்து முடித்ததும் வேறு இடம் தேட நினைப்பவர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

அரசு ஊழியருக்கு விதி வேறு. படிப்பில் சேருமுன்பே துறையின் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் படித்த பட்டத்தைப் பிறகு பணிப் பதிவேட்டில் ஏற்றப் போகும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு, தொலைநிலைக் கல்வியில் படித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பி.ஏ., பி.காம்., எம்.ஏ. போன்றவற்றுக்கு அது நியாயமான கேள்வி. 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதற்காகவே இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்தும் இருக்கிறது. ஷிப்ட் மாற்றித் தர மறுக்கும் ஆலையில் வேலை செய்பவருக்கு இதுவே உகந்த வழியாகவும் இருக்கலாம்.

பொறியியல் அப்படியல்ல. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பணியில் இருந்துகொண்டு படிக்க நினைக்கும் ஒவ்வொரு டிப்ளமோதாரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைநிலை வழியில் பொறியியல் பட்டம் கொடுத்திருந்தன. 2001-05 காலத்தில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தேர்வு எழுதித் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும் என்றானது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு பெற்று, பத்துப் பதினைந்து ஆண்டு வேலை பார்த்திருந்தவர்களும் அதில் சிக்கினார்கள். இப்படிப்பட்டவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்கத் தெரியாமல் பணத்தையும் காலத்தையும் கொடுத்தவர்கள். அதனால்தான் ஆய்வகத்துக்கு நேரில் போய்ப் படிக்கும் மாலை வகுப்பு, எவ்வளவு சிரமமானாலும், பொறியியலில் பாதுகாப்பான வழி.

சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு வேறொரு தடை. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி, முழு விடுதி வசதி இல்லாத கல்லூரியில் வகுப்புகள் காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும். ஆறு மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்புபவருக்கு அதில் எஞ்சுவது ஒரு மணி நேரம்கூட இல்லை. முழுநேர வேலையோடு எல்எல்.பி. படித்துவிடலாம், வருகைப்பதிவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது உறுதி சொன்னால், அந்த இடத்தைவிட்டு வந்துவிடுவது நல்லது.

வேலை செய்கிறவரின் நேரத்தை மையமாக வைத்து ஒரு முழுக் கல்லூரியையே கட்ட முடியும் என்பதற்கு லண்டனில் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. ஜார்ஜ் பர்க்பெக் ஒரு மருத்துவர். கிளாஸ்கோவில் கைவினைஞர்களுக்கு இலவசமாக அறிவியல் சொற்பொழிவு ஆற்றியவர். 1823இல் லண்டனில் ஸ்ட்ராண்ட் பகுதியிலிருந்த ஒரு மதுவிடுதியில் கூடிய பெருங்கூட்டத்தில் லண்டன் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் உருவெடுத்தது. 1830இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பிறகு அவர் பெயரையே தாங்கிய அந்தக் கல்லூரி, 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமானது. இன்றும் பர்க்பெக்கின் அடையாளம் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை நடக்கும் வகுப்புகள்தான். அங்கே மாலை என்பது மிச்ச நேரம் இல்லை, கல்லூரியின் முக்கிய நேரமே அதுதான்.

பின்னாளில் பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமரான ராம்சே மெக்டொனால்டு, 1880களில் அங்கே மாலையில் அறிவியல் படித்தார். ஸ்காட்லாந்திலிருந்து கையில் காசில்லாமல் லண்டனுக்கு வந்து, குறைந்த சம்பளத்தில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. உதவித்தொகைத் தேர்வுக்காகப் பகலில் வேலை, இரவில் படிப்பு என்று தன்னை வருத்திக்கொண்டதில், தேர்வு நெருங்கிய நேரத்தில் உடல் ஒடிந்துபோனது. விஞ்ஞானி ஆகும் எண்ணத்தை அதோடு விட்டார். மாலை வகுப்பின் வெற்றிக் கதையாக அவர் பெயர் சொல்லப்படும்போது இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூக்கமும் சாப்பாடும் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் படிப்பைத் தாங்குவது அவைதான்.

கல்லூரி இருந்தால் மட்டும் போதாது, கட்டணமும் கைக்கு எட்ட வேண்டும் என்பதையும் அதே நாடு காட்டியது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர் அதே நிலையில் இன்னொன்று படித்தால் அவருக்கான அரசு நிதி கிடையாது என்று 2000களின் இறுதியில் முடிவெடுத்தார்கள். 2012இல் கட்டணம் பல மடங்கு ஏறியது. பகுதிநேர மாணவருக்கும் கடன் உண்டு என்றார்கள். ஆனால் குடும்பமும் வாடகையும் தோளில் இருக்கும் நாற்பது வயதுக்காரர் புதுக் கடன் வாங்கத் தயாராக இல்லை. சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் புதிதாகச் சேரும் பகுதிநேர இளநிலை மாணவர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

இந்தியாவுக்கும் இந்த மரபு புதிதல்ல. ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் 1855இலேயே புனேயில் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி நடத்தினார்கள். பிரிவினைக்குப் பிறகு பஞ்சாப் பல்கலைக்கழகம் டெல்லியில் முகாம் கல்லூரி ஒன்றைத் திறந்தது. பகலில் பிழைப்பைத் தேடிய அகதிகள் மாலையில் அங்கே படித்தார்கள். அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1946இல் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியோ காலை நேரத்தை எடுத்துக்கொண்டது, வகுப்பு முடித்துவிட்டு மாணவர் வேலைக்குப் போகலாம் என்பதற்காக. நேரம் எதுவானாலும் சரி, உழைக்கிறவரின் நாளைப் பார்த்துவிட்டு மணி அடித்தார்கள்.

தமிழ்நாட்டில் இன்று ஒரு கல்லூரி அப்படிப்பட்டதா என்று கண்டுபிடிக்க இணையதளம் உதவாது. வேலைநாள் ஒன்றில் இரவு ஏழரை மணிக்கு நேரில் போய்ப் பார்ப்பதுதான் வழி. ஆய்வகத்தில் உதவியாளர் இருக்கிறாரா, இல்லை செய்முறையெல்லாம் சனி, ஞாயிறுக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா? நூலகம் திறந்திருக்கிறதா? கட்டணம் கட்டவும் சான்றிதழ் வாங்கவும் அலுவலகக் கவுன்ட்டர் மாலையில் இயங்குமா, அல்லது ஒவ்வொரு கையெழுத்துக்கும் அரை நாள் லீவு போட வேண்டுமா? பாடம் எடுப்பவர் காலை எட்டரைக்கு வந்த அதே ஆசிரியரா? ஒன்பது மணிக்கு அவருக்கும் அலுப்பு இருக்கும். கேன்டீனில் டீயாவது கிடைக்குமா என்பதைக்கூடக் கேட்கலாம், மதியம் சாப்பிட்டவர் இரவு பத்துக்குத்தான் வீடு போய்ச் சேர்வார்.

அங்கே மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் படிப்பவர்கள் இடைவேளையில் வெளியே நிற்பார்கள். முதல் செமஸ்டரில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள், நின்றுபோனவர்கள் எதனால் நின்றார்கள், எந்தப் பாடத்தில் அரியர் அதிகம் என்று அவர்களிடம் கேட்டால் பதில் உடனே வரும். டிப்ளமோ முடித்துச் சில வருடம் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் கணிதம்தான் முதல் தடை. வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போதே பழைய கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, வகையீடும் தொகையீடும் போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிடலாம். டிப்ளமோ மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வேலை செய்யும் நிறுவனத்தின் பணிச் சான்று, தடையில்லாச் சான்று ஆகியவற்றையும் அதற்குள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் நாள் பிடிப்பது பெரும்பாலும் கடைசி இரண்டும்தான்.