ஆட்டுக்கு வைட்டமின்: காலாவதி தேதி மட்டும் பார்த்தால் போதுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிப் பகுதிகளில் பங்குனிக்குப் பிறகு மேய்ச்சல் நிலம் காய்ந்துவிடும். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் மிஞ்சுவது சோளத்தட்டையும் சீமைக்கருவேல நெற்றும்தான். இவற்றால் வயிறு நிறையும். வைட்டமின் ஏ போதிய அளவு கிடைக்காது. பச்சை மேய்ந்த காலத்தில் ஈரலில் சேர்ந்த இருப்பு சில மாதங்களே தாங்கும். அது தீர்ந்தால் ஆடு அந்தியில் கண் தெரியாமல் வேலியில் முட்டும். கண்ணில் நீர் வடியும். சினை ஆடுகள் நோஞ்சான் குட்டி ஈனும். கரு கலையவும் கூடும்.

இதைத் தவிர்க்கவே வைட்டமின் டானிக் வாங்குகிறோம். ஆனால், பாட்டிலில் உள்ள காலாவதி தேதி, மூடி திறக்காமல், லேபிளில் சொன்ன வெப்பத்துக்குள் வைத்த மருந்துக்கே பொருந்தும். பல லேபிள்களில் அது 25 அல்லது 30 டிகிரி. நம் பகுதியில் கோடையில் நிழலிலேயே 38 டிகிரியைத் தாண்டுகிறது. தகரக் கொட்டகையில் தொங்கும் பாட்டிலில் தேதி மிச்சமிருந்தாலும் சத்து குறைந்திருக்கும்.

எது கெடும்?

வைட்டமின் ஏ, டி, ஈ ஆகியவை வெப்பம், வெளிச்சம், காற்று பட்டால் சிதையும். இரும்பு, தாமிர உப்புகளுடன் கலந்திருந்தால் இன்னும் வேகமாகச் சிதையும். எனவே தாது உப்புக் கலவையில் டானிக்கை முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். கால்சியம், பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள் வெயிலில் சிதையாது. ஆனால் ஈரம் பட்டால் கலவை கட்டியாகும், அயோடின் குறையும்.

கவனிக்க வேண்டியவை

* பத்து ஆட்டுக்கு 5 லிட்டர் கேன் வேண்டாம். ஓரிரு மாதத்தில் தீரும் அளவே வாங்குங்கள்.
* கடையில் வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்தால் வாங்காதீர்கள்.
* மூடி திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதுங்கள்.
* வீட்டுக்குள் குளிர்ந்த, இருட்டான இடத்தில், உரம், பூச்சிமருந்து இல்லாத அலமாரியில் வையுங்கள்.
* குடிநீரில் கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.
* சிக்கு வாடை, நிறமாற்றம் தெரிந்தால் தேதி இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

பழைய மருந்துதானே என்று இரட்டிப்பாக ஊற்றுவது ஆபத்து. வைட்டமின் ஏ, டி உடலில் தங்குபவை. அளவு மீறினால் நஞ்சாகும்.

காலாவதி ஆகாத வழி

வரப்பிலும் வீட்டுக் கழிவுநீர் ஓடும் இடத்திலும் அகத்தி, முருங்கை நடுங்கள். கோடையிலும் தழை தரும். வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டின் இவற்றில் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் மிஞ்சும் தழையை நிழலில் உலர்த்தி, இருட்டில் சேமியுங்கள். வெயிலில் காய்ந்தால் கரோட்டின் போய்விடும். பச்சை நிறம் மங்காத தழையே நல்லது.

ஆட்டுக்கு ஏற்கெனவே கண் தெரியவில்லை என்றால் டானிக்கை நம்பிக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.