முகம் தெரியும், பெயர் தெரியாது

ஆங்கிலப் படம் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு டிக் மில்லரின் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. 1984-இல் வந்த 'டெர்மினேட்டர்' படத்தின் துப்பாக்கிக் கடைக்காரர் இவர்தான்.

1928-இல் நியூயார்க்கில் பிறந்தவர். எழுத்தாளராகும் ஆசையில் கலிபோர்னியா போனார். சிக்கனத்துக்குப் பேர்போன தயாரிப்பாளர் ரோஜர் கார்மன், தமக்கு வேண்டியது எழுத்தாளர் அல்ல, நடிகர் என்றார். 1955-இல் 'அப்பாச்சி உமன்' படத்தில் செவ்விந்தியராக நடித்தவரையே எதிர்த்தரப்பு வெள்ளையராகவும் நடிக்க வைத்தார்!

போக்குவரத்தை நிறுத்தித் தந்த இரண்டு மணி நேரத்துக்குள் தண்டவாளம் மாற்றிப் பழகிய எனக்கு, கார்மனின் அவசரம் புரிகிறது. 1959-இல் 'எ பக்கெட் ஆஃப் பிளட்' படப்பிடிப்பை ஐந்தே நாளில் முடித்தார். மில்லர்தான் கதாநாயகன்: காபிக் கடைச் சிப்பந்தி வால்டர் பெய்ஸ்லி. பிணத்தின்மேல் களிமண் பூசி, சிற்பி என்று பெயர் வாங்குகிறான். பயமும் சிரிப்பும் சேர்ந்து வருகிற நடிப்பு. ஆனால் கடைசிக் காட்சியில் அவர் உடம்பெங்கும் சுண்ணச்சாந்து பூச நேரமில்லை. சாம்பல் நிற ஒப்பனையோடு எடுத்துவிட்டார்கள். பணம் இருந்திருந்தால் நல்ல படமாக நின்றிருக்கும் என்று மில்லர் பிற்பாடு வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது.

அடுத்த ஆண்டு 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' படத்தின் நாயகன் வேடம் தேடி வந்தும் அதை விட்டு, பூவைத் தின்னும் வாடிக்கையாளராக வந்தார்.

பிற்காலத்தில் கிடைத்தவை பெரும்பாலும் சில நிமிட வேடங்களே. அவற்றிலும் இயக்குநர் ஜோ டான்டே, 'தி ஹவ்லிங்' (1981) புத்தகக் கடைக்காரருக்கு வால்டர் பெய்ஸ்லி என்றே பெயர் வைத்தார். 2014-இல் இவரைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. தலைப்பு, 'தட் கை டிக் மில்லர்'. 2019 ஜனவரியில் 90 வயதில் காலமானார்.