பழைய போட் மோட்டார் தண்ணீர் துப்பவில்லையா?

மேருவில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், மாமா விட்டுப்போன 15 குதிரைத்திறன் போட் மோட்டார் இருக்கிறது. போன மாதம் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் மகனோடு தூண்டில் போடப் போனேன். மோட்டாரின் பின்னால் நேராகப் பீய்ச்ச வேண்டிய தண்ணீர் திடீரெனச் சொட்டுச் சொட்டாகிவிட்டது.

உடனே நிறுத்தினேன். சூடேறி பிஸ்டன் இறுகிவிட்டால் மோட்டார் போச்சு. கடல் வற்றினால் இரவு முழுக்கச் சேற்றில்தான் கிடக்க வேண்டும், அதுவும் பிள்ளையோடு.

இதில் ரேடியேட்டர் கிடையாது. அடியிலுள்ள ரப்பர் இம்பெல்லர் கடல்நீரையே உறிஞ்சி மேலே தள்ளும். நீர் நுழையும் சல்லடையில் பிளாஸ்டிக் பை சிக்கியிருந்தது. எடுத்துப் போட்டும் சரியாகவில்லை. துடுப்புப் போட்டே கரை சேர்ந்தோம்.

வீட்டில், நீர் வெளிவரும் துவாரத்தில் தூண்டில் நரம்பை விட்டுப் பார்த்தேன், அடைப்பில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுடுநீரில் போட்டேன், திறந்தது. கடைசியில் அடிப்பகுதியை இறக்கினால், இம்பெல்லரில் ஓர் இதழைக் காணோம்! புதியதை மாட்டினால் மட்டும் போதாது. உடைந்த துண்டு உள்ளேயே கிடந்து நீரை மறிக்கும். அது மேலேறும் குழாயில் சிக்கியிருந்தது.

குற்றவாளி நான்தான். தீபாவளிக்கு வந்த தம்பிக்குக் காட்ட, தண்ணீரில்லாமலே ஓட்டினேன். அந்த ரப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். சில விநாடி காய்ந்தாலே கருகும்.

இப்போது கடலுக்குப் போய் வந்ததும் தோம்பில் நல்ல தண்ணீர் நிரப்பி, பத்து நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுகிறேன். பீய்ச்சும் நீரில் மகன் கையை நீட்டுகிறான்.

“வெதுவெதுன்னு வருதுப்பா.”