குடத்துத் தண்ணீரில் செடிக்கும் ஒரு பங்கு!

கடும் கோடையிலும் மாடித்தோட்டத்தைக் காப்பாற்ற, வீட்டில் ஒருமுறை பயன்பட்ட தண்ணீரே போதும்.

2019 கோடை என்றாலே சென்னைவாசிகளுக்கு ஞாபகம் வருவது குடங்கள்தான். தெருமுனையில் பச்சை, நீலம், மஞ்சள் என்று வரிசைகட்டி நின்ற பிளாஸ்டிக் குடங்கள். லாரி எப்போது வரும் என்று தெரியாததால் இரவில் அரைத் தூக்கம். ஹாரன் சத்தம் கேட்டதும் ஓட்டம்.

அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதால் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய வறண்டுவிட்டன. நகரத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டர் தேவை. கிடைத்ததோ 52 கோடி லிட்டர் அளவுக்குத்தான். ஓட்டல்கள் சில மதியச் சாப்பாட்டை நிறுத்தின. ஐ.டி நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12-ம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் வில்லிவாக்கத்துக்கு ரயிலே வந்தது.

குடிக்கவும் குளிக்கவும் அல்லாடும்போது மாடியில் இருக்கும் செடிக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவது? பக்கத்து வீட்டுக்காரர் காலிக் குடத்தோடு நிற்கும்போது ரோஜாவுக்கு ஊற்றக் கையும் வராது. ஆனால், பத்து வருடம் வளர்த்த கறிவேப்பிலை கண் முன்னே காய்வதைப் பார்க்கவும் மனசு கேட்காது. அப்படிப்பட்ட நாள்களில் செடிக்கென்று நல்ல தண்ணீரைத் தனியாக ஒதுக்கத் தேவையில்லை. சமையலறையும் ஏசியும் விட்டுவைக்கும் தண்ணீரைச் சேர்த்தாலே, சின்னத் தோட்டம் ஒன்றைக் காப்பாற்றிவிடலாம்.

முதலில் கணக்கு

நான்கு பேர் உள்ள வீட்டில் அரிசியையும் பருப்பையும் இரண்டு மூன்று முறை களைந்தால் மூன்று, நான்கு லிட்டர் தேறும். காய், கீரை, பழம் அலசிய தண்ணீர் இன்னொரு மூன்று லிட்டர். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் இரவெல்லாம் ஓடும் ஏசி ஒரு வாளியை நிறைத்துவிடும். எல்லாம் சேர்ந்தால், நாளொன்றுக்கு ஒரு குடத்துக்குக் குறையாது. அதாவது, சுமார் 15 லிட்டர்.

கத்திரி வெயிலில் நடுத்தரமான ஒரு பைக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வேண்டும். அப்படியென்றால் இந்த ஒரு குடத்தை வைத்துப் பத்துப் பைகளைக் காப்பாற்றலாம். மாடியில் 40 பைகள் இருந்தால், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிப்பதில் பயன் இல்லை. மேல்மண் மட்டும் நனையும், வேர் காயும், கடைசியில் 40 செடியும் போய்விடும்.

எதை வைப்பது, எதை விடுவது?

மறுபடி வளர்க்க வருடக்கணக்கில் ஆகும் செடிகளுக்குத்தான் முதல் பங்கு. கறிவேப்பிலை, எலுமிச்சை, மல்லிகை, முருங்கை, கொய்யா ஆகியவை இந்த வரிசையில் வரும். அடுத்தது, குறைந்த தண்ணீரில் தாக்குப்பிடிப்பவை. பிரண்டை, கற்றாழை, கற்பூரவல்லி ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றினாலே போதும். மிச்சமிருக்கும் தண்ணீரில் கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை ஆகியவற்றில் ஒன்றிரண்டு பைகள் வைத்துக்கொள்ளலாம்.

தக்காளி வேறு கதை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் பூவெல்லாம் உதிரும். காய்க்காத செடிக்குத் தினமும் ஒன்றரை லிட்டர் ஊற்றுவதைவிட அதைப் பிடுங்கி, காயவைத்து, மற்ற செடிகளுக்கு மூடாக்காகப் போடுவது நல்லது. நோய் தாக்கிய செடியாக இருந்தால் மட்டும் அப்படிப் போடக் கூடாது.

எந்தத் தண்ணீர் ஆகும்?

கிராமத்து வீடுகளில் கழுநீர்ப் பானையில் சேரும் தண்ணீர் மாட்டுக்குப் போனது. பாத்திரம் துலக்கிய, குளித்த தண்ணீர் கொல்லைப்புறத்து வாழைக்குப் போனது. அதே வழக்கத்தை மாடிக்குக் கொண்டுவரும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

அரிசி, பருப்பு களைந்த தண்ணீரை அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும். வைத்திருந்தால் புளித்து நாறும். உப்புப் போடாமல் வடித்த கஞ்சியை நன்றாக ஆறவைத்து, தண்ணீர் கலந்து ஊற்றலாம். உப்புப் போட்டு வேகவைத்த தண்ணீர் கூடவே கூடாது.

ஏசி தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் அப்படி அல்ல. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கும். அதைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொண்டால், அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மிச்சம்.

சோப்பு கலந்த குளியல் தண்ணீரைத் தரையில் நட்ட வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சலாம். தொட்டிச் செடிக்கும் கீரைக்கும் வேண்டாம். சலவைத்தூள் கலந்த தண்ணீர் எந்தத் தொட்டிக்கும் ஆகாது.

கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் இறங்க இறங்க, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பிக்கும். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்தால், இலை நுனி கருகினால், அந்தத் தண்ணீரை நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஊற்றியது நிற்க வேண்டும்

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்குள் ஊற்றுவது நல்லது. பைக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடலாம். மதியம் வெண்டை இலை தொங்கினால் உடனே பதற வேண்டாம். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிரும். மறுநாள் காலையிலும் தொங்கினால்தான் அது தாகம்.

மண்ணை வெயிலில் திறந்து போடக் கூடாது. காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார் என்று எது கிடைத்தாலும் இரண்டு அங்குல உயரத்துக்கு மூடாக்குப் போட வேண்டும். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். கொதிக்கும் தளத்தில் பைகளை நேராக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி, நெருக்கமாக வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல் தரும். 50 சதவிகித நிழல்வலையோ, அது இல்லாவிட்டால் பழைய பருத்திப் புடவையோ மதிய வெயிலை மறைக்கும்.

பெரிய தொட்டிகளுக்கு மண்கலயம் நல்ல துணை. மெருகு பூசாத, வாய் குறுகிய சிறு கலயத்தைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட வேண்டும். மண் காயக் காய, கலயத்தின் சுவர் வழியே நீர் கசிந்து வேருக்குப் போகும். சீனாவில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. வெளியூர் போக நேர்ந்தால், இரண்டு மூன்று நாள் செடி தாங்க இது உதவும்.

தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம், வாளி, கலயம் எல்லாவற்றுக்கும் மூடி அவசியம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில்தான். வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மழை வரும்போது...

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானது. ஆனால், மொட்டைமாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று தெரியாத வீடுகள் இன்னும் உண்டு. கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 600 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால், சுமார் 550 லிட்டர். கோடையில் ஒரு சாயங்காலம் இடியோடு கொட்டும் மழையில் 36 குடத்துக்கும் மேல்!

அதற்காகக் கோடையிலேயே செய்துவைக்க வேண்டிய வேலை கொஞ்சம்தான். மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்து, வடிகட்டியில் இருக்கும் கூழாங்கல்லைக் கழுவிவைத்தால் போதும். காப்பாற்றிய பத்துச் செடிகள் மாடியில் இருக்க, காலிப் பைகளில் மண்ணைக் கொட்டிக் காயவைத்து, தொழுவுரம் கலந்துவைக்கலாம். ஆடிப்பட்டத்துக்கு விதை போட மண் தயார்.