மீன் தொட்டிக்குப் புது வடிகட்டியா? பழைய ஸ்பாஞ்சை வீசிவிடாதீர்கள்!

கம்போங் மேடான் - இங்குள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் 2 அடி தொட்டி ஒன்று இருக்கிறது. சின்ன ஸ்பாஞ்சு வடிகட்டி போதவில்லை என்று பெரியதாக ஒன்று வாங்கி மாட்டினேன். தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்தது. ஐந்தாம் நாள் தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மறுநாள் இரண்டு மிதந்தன. புது வடிகட்டியில் குறையில்லை. பழையதை அன்றே குப்பையில் போட்டேன் பாருங்கள், அதுதான் தவறு.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு; நிறம் இல்லாததால் தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இது அவ்வளவு கெடுதல் செய்யாது, வாரந்தோறும் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டித்தான் வாழ்கின்றன. நாம் அழுக்கு என்று நினைக்கும் அந்தப் பழுப்பு வழவழப்பில் அவையும் இருக்கின்றன. புது வடிகட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

ஆகவே அதுவரை இரண்டு வடிகட்டிகளும் சேர்ந்தே ஓடட்டும். இடமில்லையென்றால் பழைய ஸ்பாஞ்சை வெட்டிப் புதியதற்குள் வைத்துவிடலாம். ஸ்பாஞ்சைக் குழாய்க்கடியில் பிழியக்கூடாது. குழாய்நீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரையே வாளியில் எடுத்து அதில் அலசுங்கள். தொட்டிக்கு ஊற்றும் புதுத் தண்ணீருக்கும் குளோரின் நீக்கி சேர்க்க வேண்டும்.

எந்த அளவு வாங்குவது? 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்றால் 54 லிட்டர். மணிக்கு நான்கைந்து முறை தண்ணீர் சுற்றினால் போதும், அதாவது ஏறக்குறைய 250 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண் பொதுவாக உள்ளே எதுவும் நிரப்பாமல் அளந்தது. அதனால் 350 லிட்டர் என்று எழுதியதை எடுப்பது நல்லது. தங்கமீன் அதிகம் கழிவு போடும், அதற்கு இன்னும் கூடுதலாகவே பாருங்கள். சண்டை மீனுக்கு எதிர்மாறு. நீரோட்டம் வேகமாக இருந்தால் களைத்துவிடும். நீர் விழும் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். தோட்டத்து ஓடையில் சண்டை மீன் பிடித்துப் போத்தலில் வளர்த்தவர்களுக்கு வடிகட்டியே தேவைப்படவில்லை. ஆனால் போத்தல் தண்ணீரை அடிக்கடி மாற்றினார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அது எப்போதும் முடிகிற காரியமா? 2020 செப்டம்பரில் ஆற்று மாசினால் சுங்கை சிலாங்கூர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது குடிக்கவே தண்ணீர் தேடி அலைந்தோம். அப்படிப்பட்ட நாட்களில் தொட்டியைக் காப்பது நன்கு பழகிய வடிகட்டிதான். அப்போது தீனியையும் பாதியாகக் குறையுங்கள். மின்வெட்டு பல மணி நேரம் நீடித்தால் மூடிய வடிகட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்து நீர் கெட்டிருக்கும். திறந்து அலசிய பிறகே மீண்டும் ஓடவிடுங்கள்.

மின்கம்பியைச் சுவிட்சுக்குக் கீழே வளைந்து தொங்குமாறு விடுங்கள். கம்பி வழியே வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்கிற்குள் போகாது.