ராக்கெட் கணினியின் 'டிரைவர்' மென்பொருள்: வரிக்கு வரி மறு ஆய்வு தேவைப்படுவது ஏன்?

சூளூர்பேட்டை: ஆந்திர மாநிலம் திருப்பதி மாவட்டத்தில், சென்னை - கூடூர் ரயில் பாதையில் அமைந்துள்ள சூளூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் நுழைவாயிலாக விளங்குகிறது. அம்மையத்திலிருந்து 2024 டிசம்பர் 30-ஆம் தேதி இரவு ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களுடன் பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட் விண்ணில் செலுத்தப்பட்டது. உள்நாட்டில் உருவாக்கப்பட்ட விக்ரம்-3201 என்ற 32 பிட் நுண்செயலி, அந்த ராக்கெட்டின் கணினியில் பொருத்தப்பட்டு வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது.

நுண்செயலி தனியாக இயங்கிப் பயனில்லை. உணரிகளிடமிருந்து தகவல் பெறவும் வால்வுகளுக்குக் கட்டளை அனுப்பவும் அதற்கு மென்பொருள் தேவை. சாதனத்துக்கும் கணினிக்கும் இடையே நின்று பேசும் இந்த மென்பொருளே 'டிரைவர்' எனப்படுகிறது.

டிரைவரின் பணி என்ன?

வீட்டுக் கணினியில் அச்சு இயந்திரத்தை இணைக்கும்போது நிறுவப்படுவதும் டிரைவர்தான். சாதனத்தின் பதிவேடுகளில் எண்களை எழுதுவதும், சாதனம் அனுப்பும் குறுக்கீட்டுச் சைகைக்குப் பதிலளிப்பதும் அதன் வேலை.

பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்குள் செயல்படுகின்றன. சாதாரணச் செயலி பழுதானால் அது மட்டும் மூடப்படும். கர்னலுக்குள் இருக்கும் டிரைவர் பழுதானால் கணினி முழுவதும் நின்றுபோகலாம். நின்றுபோன மேசைக் கணினியை மீண்டும் இயக்கிவிடலாம். பறக்கும் ராக்கெட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது.

மறு ஆய்வில் கவனிக்கப்படுவது என்ன?

சாதனம் பதிலே அளிக்காவிட்டால் டிரைவர் எவ்வளவு நேரம் காத்திருக்கும்? பொருளற்ற எண் வந்தால் அதை நிராகரிக்குமா? ஒரு தரவை மாற்றிக்கொண்டிருக்கும்போதே குறுக்கீடு வந்தால் அத்தரவு சிதையுமா? பாதியில் பிழை ஏற்பட்டால், அதுவரை பெற்ற நினைவகத்தைத் திருப்பித் தருமா? நிரலை எழுதாத வேறொரு வல்லுநர், சாதனத்தின் தொழில்நுட்பக் கையேட்டை அருகில் வைத்துக்கொண்டு இக்கேள்விகளை எழுப்புகிறார்.

சோதனையில் சாதனங்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே செயல்படும் என்பதால், பிழை நேரும்போது மட்டும் இயங்கும் வரிகள் ஒருமுறைகூட ஓடாமல் போகக்கூடும். அவற்றைப் பிடிக்கக் கண்ணால் படிப்பது அவசியமாகிறது. லினக்ஸ் கர்னலில் புதிய டிரைவர்கள் சிறு சிறு பகுதிகளாக அனுப்பப்பட்டு, அந்தந்தப் பிரிவின் பொறுப்பாளரால் ஆராயப்பட்ட பின்னரே சேர்க்கப்படுகின்றன. மறு ஆய்வு செய்தவரின் பெயரும் நிரலின் வரலாற்றில் பதிவு செய்யப்படுகிறது.

தவறினால் என்ன ஆகும்?

1996 ஜூன் 4-ஆம் தேதி, பிரெஞ்சு கயானாவிலிருந்து புறப்பட்ட ஐரோப்பாவின் முதல் ஏரியன்-5 ராக்கெட் 40 விநாடிகளுக்குள் வெடித்துச் சிதறியது. அதன் திசையறி கருவியின் மென்பொருள் ஏரியன்-4 ராக்கெட்டிலிருந்து எடுத்தாளப்பட்டது. புதிய ராக்கெட்டின் வேகத்தால் ஒரு மதிப்பு 16 பிட் அளவுக்குள் அடங்காமல் போனதால் கருவி செயலிழந்தது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. பழுதைத் தெரிவிக்கக் கருவி அனுப்பிய குறியீட்டை, முதன்மைக் கணினி உண்மையான பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்டது. ராக்கெட் பாதை மாறியது.

2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. 20 உள்ளீடுகள் மட்டுமே தரப்பட்ட இடத்தில், கர்னலுக்குள் இயங்கிய மென்பொருள் 21-ஆவதைப் படிக்க முயன்றதே காரணம். இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன.

உள்நாட்டுச் சிப்களுக்கு ஏன் முக்கியம்?

வெளிநாட்டுச் சிப்பை வாங்கும்போது, பலர் பயன்படுத்திப் பழுது நீக்கிய டிரைவர்களும் பெரும்பாலும் உடன் கிடைக்கின்றன. சொந்தச் சிப்புக்கு அவற்றைப் புதிதாக எழுத வேண்டும். விக்ரம்-3201 சிப்புக்காக அடா மொழியின் நிரல்பெயர்ப்பி உள்ளிட்ட கருவிகளை இஸ்ரோவே உருவாக்கியது. சென்னை ஐஐடியின் 'சக்தி' வடிவமைப்பில் இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கப்பட்ட 'ஐரிஸ்' சிப், 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. இவ்விரு சிப்களும் சண்டீகரை அடுத்த மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் தயாரானவை.

சிப்பை வடிவமைக்கும் பொறியாளர்களுடன், பிறர் எழுதிய டிரைவரைப் பொறுமையாகப் படித்துக் குறை காணத் தெரிந்தவர்களும் இனி அதிக அளவில் தேவைப்படுவர். வெளியுலகம் அறியாத அந்தப் பணியில் விடுபடும் ஒரு வரியை, ராக்கெட் ஏவப்பட்ட பிறகு திருத்த முடியாமல் போகலாம்.