வியாகுலப் பிரசங்கம்

தவக்காலம் வந்தால் இலங்கையின் முருங்கன் தொடங்கி மன்னார்த் தீவு வரை கத்தோலிக்க ஊர்களில் ஒரு குரல் கேட்கும். வெறும் வாசிப்புமில்லை, முழுப் பாட்டுமில்லை. இயேசுவின் பாடுகளைச் சொல்லி ஒப்பாரி போல இழுத்து இழுத்து வரும் வியாகுலப் பிரசங்கம். வாசிப்பவர் மூச்செடுக்க நிறுத்தும் இடத்தில், முக்காடிட்ட பெண்களின் விசும்பல் எழும்.

இதைத் தமிழில் தந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவில் 1676இல் பிறந்து, 1705இல் இலங்கை வந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம் அது. தமிழும் சிங்களமும் கற்று, உரைநடை, பாடல், அகராதி என எழுதிக் குவித்தார். சிங்களக் கரையோரத்துப் 'பசான்' புலம்பலுக்கும் அவர் எழுத்தே ஊற்று.

உள்நாட்டு யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த எங்கள் தாய்மார், மகனை இழந்த மரியாளின் துயரோடு தங்கள் துயரையும் சேர்த்து, ஊரோடு கூடி அழுவது இந்தக் குரல் கேட்டுத்தான்.